பள்ளியில் ரத்தம் சிந்தினால்: ஆசிரியர், ஆயா, தூய்மைப் பணியாளருக்கான முழுமையான வழிகாட்டி

அரையாண்டு விடுமுறைக்கு முந்தைய நாள். ஆறாம் வகுப்புக் குப்பைக்கூடையைக் கையால் அமுக்கிக் கோணியில் கொட்டிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அக்கா, சட்டென்று கையை உதறினார். பென்சில் சீவும் பிளேடு, பாதித் துண்டு. காலையில் ஒரு பையன் அதில்தான் விரலை அறுத்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, "அந்தப் பிளேடைக் கூடையில போடு" என்று சொன்னது நான். அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, "ஒண்ணுமில்ல சார், சின்னக் கீறல்" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

ஜனவரியில் ஒரு முதலுதவிப் பயிற்சிக்குப் போயிருந்தேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி, உடலுக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாளாவது தொற்றும் திறனோடு இருக்கும் என்று அங்கே ஒரு மருத்துவர் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஜே.ஆர்.சி. (இளம் செஞ்சிலுவைச் சங்கம்) பொறுப்பாசிரியராக முதலுதவிப் பெட்டியை அத்தனை வருடம் கையில் வைத்திருந்தவன் நான். அடிபட்ட பிள்ளையைப் பற்றி யோசித்திருக்கிறேன். அந்த ரத்தத்தைத் துடைப்பவரைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்தப் பயிற்சிக்குப் பிறகு எங்கள் பள்ளியில் ஒவ்வொன்றாகச் செய்ததையும், செய்யும்போது கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டின் சாதாரணப் பள்ளி எதிலும் இவற்றைச் செய்யலாம். பெரிய பணம் தேவைப்படாது.

முதலில், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

ரத்தத்தின் வழியே பரவும் கிருமிகளில் முக்கியமானவை மூன்று: ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. மக்கள் பயப்படுவது மூன்றாவதற்கு. உண்மையில் அதிகம் கவனிக்க வேண்டியது முதலாவதை. கிருமி உள்ள ஒருவரின் ரத்தம் ஏறிய ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 100க்கு 6 முதல் 30 வரை. ஹெபடைட்டிஸ் சி என்றால் 100க்கு 2க்கும் குறைவு. எச்.ஐ.வி. என்றால் 1000க்கு சுமார் 3. இவையெல்லாம் மருத்துவமனை ஊசிகளை வைத்துச் சொன்ன கணக்கு. பள்ளியில் நடக்கும் சிராய்ப்பு, மூக்கில் ரத்தம் போன்றவற்றில் ஆபத்து இன்னும் குறைவு. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் ஹெபடைட்டிஸ் பி கிருமியோடு வாழ்ந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே தெரியாது. பார்க்க நம்மைப்போல நன்றாகத்தான் இருப்பார்கள்.

கிருமி உள்ளே போக ஒரு வழி வேண்டும். குத்தின காயம், வெட்டு, வெடிப்பு, புண், கண், வாய், மூக்கின் உட்பகுதி, இவைதான் அந்த வழிகள். வெட்டோ புண்ணோ இல்லாத தோலில் ரத்தம் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். வியர்வை, கண்ணீர், சளி, சிறுநீர், வாந்தி இவற்றில் ரத்தம் கலந்திருப்பது தெரியாதவரை, இந்த மூன்று கிருமிகளுக்காகப் பதற வேண்டியதில்லை. சேர்ந்து சாப்பிடுவதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, கொசுவாலோ எச்.ஐ.வி. பரவாது. இதை ஆசிரியர் அறையில் ஒருமுறை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெரிந்துகொண்டே தள்ளி உட்காருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எல்லா ரத்தத்தையும் ஒரே மாதிரி நடத்துங்கள்

மற்ற எல்லாமே இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கின்றன. எந்தப் பிள்ளைக்கு என்ன நோய் என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை, விசாரிக்கவும் கூடாது. தலைமையாசிரியர் மகனுக்கு மூக்கில் ரத்தம் வந்தாலும் கையுறை, விடுதி மாணவனுக்கு வந்தாலும் கையுறை.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். இத்தனை வருடத்துக்குப் பிறகும், "அந்தப் பிள்ளைக்கு இருக்குதாமே" என்ற கிசுகிசு பள்ளிக்குள் நுழைந்தால் அந்தப் பிள்ளையின் படிப்பே நின்றுபோகிறது. 2017இல் வந்து 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், தொற்று இருப்பதைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அதைக் காரணமாக வைத்துக் கல்வியிலோ வேலையிலோ பாகுபாடு காட்டவும் தடை விதிக்கிறது. ஆகவே "பட்டியல் கொடுங்க, நாங்க ஜாக்கிரதையா இருந்துக்கிறோம்" என்று கேட்பது தவறு. பயனும் இல்லை. பட்டியலில் இல்லாத பிள்ளையின் ரத்தத்தை வெறும் கையால் தொடுவோம், ஆபத்து அங்கேதான் இருக்கும்.

முதல் படி: யார் கை எங்கே போகிறது என்று எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு, பள்ளியில் சம்பளம் வாங்கும் எல்லோர் பெயரையும் எழுதுங்கள். தொகுப்பூதியக்காரர், பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) நிதியில் இருப்பவர், பகுதிநேரம், காவலர், வேன் டிரைவர், வேனில் வரும் அக்கா யாரையும் விடாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் கையில் ரத்தம் படக்கூடிய வேலை எது என்று எழுதுங்கள்.

நாங்கள் எழுதியபோது வந்த வரிசை எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. முதலிடம் தூய்மைப் பணியாளர். கழிப்பறை நாப்கின், குப்பையில் பிளேடு, உடைந்த கண்ணாடி, தரையில் சிந்திய ரத்தம் எல்லாம் அவர் கையில்தான் முடிகின்றன. அடுத்து உடற்கல்வி ஆசிரியர். கபடி, கோகோ சீசனில் முழங்கால் தேயாத நாள் இல்லை. அப்புறம் சிறப்பாசிரியரும் சின்ன வகுப்பு ஆயாவும். கடிக்கிற, பிராண்டுகிற பிள்ளைகளை அணைத்துப் பிடிப்பவர்கள் அவர்கள். பிறகு முதலுதவி பார்ப்பவர், ஆய்வக உதவியாளர், காய் நறுக்கும் சத்துணவு உதவியாளர், விடுதிக் காப்பாளர். தலைமையாசிரியரும் நானும் பட்டியலின் அடியில் இருந்தோம். அதுவரை எந்தப் பயிற்சிக்கும் போய்வந்தது நாங்கள் இருவர் மட்டுமே.

எந்தச் செலவு செய்தாலும், எந்தப் பயிற்சி நடத்தினாலும் இந்த வரிசைப்படி மேலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாம் படி: ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி

மூன்று கிருமிகளில் தடுப்பூசி இருப்பது இதற்கு மட்டும்தான். அதனாலேயே இதைத் தள்ளிப்போடக் கூடாது. குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது நாடு முழுக்கச் சேர்ந்தது 2011இல். எனவே இன்று பள்ளியில் வேலை பார்க்கும் பெரியவர்களில் பெரும்பாலோர், தாங்களாகப் போய்ப் போட்டுக்கொண்டிருந்தால் ஒழிய, போடாதவர்கள்தான். "சின்ன வயசுல எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று சொல்பவரிடம், இந்த ஊசி அப்போது அரசுத் திட்டத்தில் இல்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதத்தில். பெரியவர்களுக்குத் தோள்பட்டைத் தசையில் போட வேண்டும். இடுப்பில் போட்டால் சரியாக வேலை செய்யாமல் போகலாம். நடுவில் ஒரு தவணை தவறிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூன்றாவது ஊசிக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. முடிவு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது. அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்காவது இதைச் செய்துவிடுங்கள். பின்னால் ஏதாவது நடந்தால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

யார் பணம் கொடுப்பது? அமெரிக்காவில் 1991லேயே, ரத்தத்தோடு பழகும் வேலையில் இருப்பவருக்கு முதலாளியே இலவசமாக இந்த ஊசியைத் தர வேண்டும் என்று தொழில் பாதுகாப்பு விதி வந்துவிட்டது. நம் பள்ளிகளில் நாமே முயற்சி எடுத்தால்தான் உண்டு. வட்டார மருத்துவ அலுவலரிடம் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்து, அரசு மருத்துவமனையில் போட வழி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள், முன்னாள் மாணவர்களைக் கேளுங்கள். ஐந்தாறு பேருக்கு மூன்று தவணை என்பது ஆண்டுவிழாப் பந்தல் செலவைவிடச் சின்ன தொகைதான். தனியார் பள்ளி என்றால் நிர்வாகம் கொடுக்க வேண்டும். அதை ஆயாவின் சம்பளத்தில் பிடிப்பது நியாயமே இல்லை.

ஊசிக்கு முன் ரத்தம் பரிசோதிக்கச் சொன்னால், முடிவு அந்த நபருக்கும் மருத்துவருக்கும் மட்டும் தெரிய வேண்டும். பள்ளி அலுவலகத்துக்கு அந்தத் தாள் வரவே கூடாது. தொற்று இருப்பதாகத் தெரிந்தால், 2018 ஜூலையில் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் இருக்கின்றன. ஹெபடைட்டிஸ் சி என்றால் பெரும்பாலானோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிவிடுகிறது.

மூன்றாம் படி: பெட்டிகள்

பள்ளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்பது போதாது. அலுவலக பீரோவில் பூட்டி, சாவி ஒருவரிடம் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். விளையாட்டு மைதானத்துக்கு ஒரு பை, ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு டப்பா, வேனில் ஒன்று. எங்கள் டப்பா பழைய பிஸ்கட் டின். உள்ளே இருந்தவை: இரண்டு அளவுகளில் நான்கு ஜோடி மெல்லிய கையுறை, பஞ்சும் காஸ் துணியும், பேண்ட்எய்ட், சோப்பு, பழைய செய்தித்தாள் மடித்தது, கட்டிப்போட இரண்டு தடித்த பிளாஸ்டிக் கவர். அவ்வளவுதான்.

தூய்மைப் பணியாளருக்கு இந்த மெல்லிய கையுறை ஆகாது, முள்ளும் பிளேடும் கிழித்துவிடும். முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறையும் மூடிய காலணியும் வேண்டும். அவர் கை அளவைக் கேட்டு வாங்குங்கள். பெரிய ஆண் அளவை வாங்கிக்கொடுத்துவிட்டு, "குடுத்தும் போடமாட்டேங்கிறாங்க" என்று குறை சொல்வதை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். விரல் நுனியில் காலி ரப்பர் தொங்கினால் துடைப்பத்தை எப்படிப் பிடிப்பது?

நான்காம் படி: ரத்தம் வரும் பிள்ளையைக் கவனிப்பது

முடிந்தவரை பிள்ளையே தன் காயத்தை அழுத்திப் பிடிக்கட்டும். மூக்கில் ரத்தம் வந்தால் நேராக உட்காரவைத்து, தலையை லேசாக முன்னே சாய்க்கச் சொல்லுங்கள். அண்ணாந்து பார்க்க வைப்பது நம் ஊர் வழக்கம், அதை விட்டுவிடுங்கள். மூக்கின் மென்மையான பகுதியை அவனே விரலால் பத்து நிமிடம் விடாமல் அழுத்தட்டும். நீங்கள் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு தைரியம் சொல்லலாம். அதற்குள் கையுறை போட்டுவிடலாம்.

கையுறை கிடைக்கவில்லையென்றால் பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுக்கொள்ளுங்கள், அல்லது மடித்த துணியை நடுவே வையுங்கள். ரத்தம் பீறிடும் பெரிய காயத்தில், கையுறை தேடி நேரம் கடத்தக் கூடாது. துணியை வைத்து அழுத்துங்கள், 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள், பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள். உங்கள் கையில் வெட்டோ சேற்றுப்புண்ணோ இருந்தால் காலையிலேயே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலைக்கு வாருங்கள்.

கையுறையைக் கழற்றும்போதுதான் பலர் கையில் ரத்தத்தைப் பூசிக்கொள்கிறார்கள். முறை இது: ஒரு கையுறையின் மணிக்கட்டுப் பக்கத்தை வெளிப்புறமாகக் கிள்ளிப் பிடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி உரியுங்கள். உரித்ததை இன்னொரு கைக்குள் உருட்டி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வெறும் விரலை மற்ற கையுறையின் உள்ளே நுழைத்து, அதையும் உள்வெளியாக உரித்தால், முதலாவது அதற்குள்ளேயே பொதிந்துவிடும். படித்தால் புரியாது, செய்து பார்க்க வேண்டும். நாங்கள் கையுறை மேல் சிவப்பு மையை ஊற்றிக் கழற்றச் சொன்னோம். முதல் முறை எட்டுப் பேரில் ஆறு பேர் விரலில் சிவப்பு. மூன்றாவது முறை யாருக்கும் இல்லை. அக்கா இரண்டாவது முறையிலேயே சரியாகச் செய்தார்.

கடிக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் முழுக்கைச் சட்டை அணிவது நல்லது. பல் பதிந்தும் தோல் கிழியவில்லையென்றால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கிழிந்து ரத்தம் வந்தால் அது பதிவு செய்ய வேண்டிய சம்பவம். பிள்ளையின் வாயிலும் உங்கள் ரத்தம் பட்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள். இரண்டு பேரையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: தரையில் சிந்திய ரத்தம்

பினாயில் ஊற்றித் துடைப்பதுதான் எங்கும் நடக்கிறது. வாசனை வரும், அவ்வளவுதான். இந்தக் கிருமிகளுக்குக் குளோரின் வேண்டும், அதாவது பிளீச்சிங் பவுடர்.

கரைசலின் அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 30 கிராம். கிட்டத்தட்ட ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். பள்ளியில் தராசு இருக்காது. ஒருமுறை மளிகைக் கடையில் 30 கிராம் நிறுத்து, அது எந்த மூடியில் எதுவரை வருகிறது என்று கோடு போட்டு, அந்த மூடியை டப்பாவோடு கட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீருக்குள் பவுடரைப் போட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த நீரை எடுங்கள். அன்றன்றைக்குக் கரைத்தது அன்றைக்கு மட்டும். மூட்டை வாய் திறந்தே கிடந்து, கட்டி தட்டி, நெடி போய்விட்ட பவுடரில் குளோரின் பெரும்பகுதி பறந்திருக்கும். மூடி இறுக்கமான டப்பாவில், வெயில் படாமல் வையுங்கள். கடையில் ஐந்து சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் வாங்கினால், ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர்.

கழிப்பறை ஆசிடோடு இதை ஒருபோதும் சேர்க்காதீர்கள். விஷ வாயு வரும், மூச்சு முட்டும். இரண்டு டப்பாக்களும் ஒரே அலமாரியில் இருக்கவே வேண்டாம்.

இனி துடைப்பது. பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடித் துண்டு இருந்தால் கையால் பொறுக்காமல், முறத்தாலோ கெட்டி அட்டையாலோ தள்ளி எடுங்கள். ரத்தத்தின் மேல் செய்தித்தாளை விரியுங்கள். அதன் மேல் கரைசலை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாக ஊற்றுங்கள், தெறிக்கக் கூடாது. பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். இந்தப் பத்து நிமிடம் யாருக்கும் பொறுப்பதில்லை, ஆனால் கிருமி சாவது அதில்தான். பிறகு தாளைச் சுருட்டிக் கவரில் கட்டி, இன்னொரு முறை கரைசலால் துடைத்து, கடைசியில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கபடி மைதானத்து மண்ணில் சிந்தியிருந்தால், கரைசலை ஊற்றிவைத்து, மேல்மண்ணை மண்வெட்டியால் சுரண்டி எடுத்துவிடலாம். ரத்தம் பட்ட சீருடையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்புத்தூள் போட்டுத் துவைத்தால் போதும். அதைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வீட்டுக்கு அனுப்புங்கள். பள்ளிக் குழாயடியில் ஆயாவை அலசச் சொல்லாதீர்கள்.

ஆறாம் படி: கழிப்பறை

இதைப் பேச ஆண் ஆசிரியர்கள் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தின் விலையை அக்காக்கள்தான் கொடுக்கிறார்கள். நாப்கினைப் போட இடமில்லாத பள்ளியில் அது ஜன்னல் விளிம்பிலும் பீங்கானுக்குள்ளும் போய்ச் சேர்கிறது. அடைப்பு எடுக்கும்போது வெறும் கை உள்ளே போகிறது.

ஒவ்வொரு மாணவியர் கழிப்பறையிலும் மூடி உள்ள, காலால் மிதித்துத் திறக்கும் தொட்டி வையுங்கள். உள்ளே கவர் போட்டிருக்க வேண்டும். நான்காகக் கிழித்த செய்தித்தாளைக் கயிற்றில் கோத்து ஆணியில் மாட்டுங்கள். சுற்றிப் போடுவதற்குத் தாள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், சொல்லாமலே பிள்ளைகள் சுற்றிப் போடுகிறார்கள். இதை எங்கள் பள்ளியில் கணித டீச்சர் ஒருவர் செய்தார். ஒரே வாரத்தில் மாற்றம் தெரிந்தது. தொட்டியைத் தினமும் காலி செய்ய வேண்டும். கவரை அமுக்கக் கூடாது, காலால் மிதிக்கக் கூடாது, உடம்பை ஒட்டாமல் தள்ளிப் பிடித்துத் தூக்க வேண்டும். எரிக்கும் இயந்திரம் இருந்தால், அது வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள். கெட்டுப்போன இயந்திரத்துக்குள் ஒரு வருடத்துக் குப்பை அடைந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: கூரானவை

பிளேடால் பென்சில் சீவுவதை நிறுத்துங்கள். வகுப்புக்கு இரண்டு ஷார்ப்னர் வாங்கி, மேசையில் கட்டி வையுங்கள். என்னைக் கேட்டால் இந்த முழு வழிகாட்டியிலும் மிக மலிவான பாதுகாப்பு இதுதான்.

உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி, ஆய்வகத்துக் கூரான பொருட்கள் எல்லாம் தடித்த பிளாஸ்டிக் கேனில் போக வேண்டும். மூடி வேண்டும், வெளியே பெரிய எழுத்தில் 'கூரானவை, தொடாதே' என்று எழுதியிருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் போடாதீர்கள், பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள். முக்கால்வாசி நிறைந்ததும் மூடிவிடுங்கள்.

10 வயதுக்கும் 16 வயதுக்கும் டிடி (டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பு) ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வருவார்கள். போட்ட ஊசிகளை அவர்களே எடுத்துப்போக வேண்டும். போகும் முன் மேசை அடியிலும் வராந்தாவிலும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாணவர் இருந்தால், அவருக்கென்று ஒரு சின்னக் கெட்டி டப்பாவும் தனியாக உட்கார ஓர் இடமும் கொடுங்கள். ஊசிக்கு மீண்டும் மூடி போட முயலும்போதுதான் பெரும்பாலும் குத்துகிறது. உயிரியல் செய்முறையில் ரத்த வகை பார்ப்பதாக இருந்தால் ஆளுக்கொரு புது ஊசி. ஒரே ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து அடுத்தவருக்குக் குத்துவது பெரிய தவறு.

ரத்தம் தோய்ந்த பஞ்சும் ஊசியும் ஊராட்சிக் குப்பை வண்டிக்குப் போகக் கூடாது. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகள் பள்ளிகளின் முதலுதவி அறையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. பஞ்சு, துணி மஞ்சள் பையில், ஊசி குத்திக் கிழிக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசி, அவர்களுடைய கழிவோடு சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எட்டாம் படி: பட்டுவிட்டால்

இந்தப் பகுதியை எழுதி, ஆசிரியர் அறையிலும் சத்துணவுக் கூடத்திலும் ஒட்டிவையுங்கள்.

குத்தினாலோ வெட்டினாலோ உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது. விரலை வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது, கை தானாக வாய்க்குப் போகும், கவனம். பிளீச்சிங் கரைசல், ஆசிட், மஞ்சள், காபித்தூள் எதுவும் காயத்தில் வேண்டாம். கண்ணில் தெறித்தால் பத்து, பதினைந்து நிமிடம் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். வாயில் பட்டால் துப்பிவிட்டுப் பலமுறை கொப்பளியுங்கள்.

அப்புறம் தலைமையாசிரியருக்குச் சொல்லிவிட்டு, அன்றைக்கே, முடிந்தால் அந்த மணிநேரத்திலேயே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மணி அடித்த பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். தேவையென்றால் இரண்டு மணிநேரத்துக்குள் தொடங்குவது மிக நல்லது. 72 மணிநேரத்துக்குப் பிறகு தொடங்கிப் பயனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) கிடைக்கும். அருகில் எது என்று இன்றைக்கே விசாரித்து, தொலைபேசி எண்ணை எழுதிவையுங்கள். தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097, இலவசம். ஹெபடைட்டிஸ் பி ஊசி போடாதவருக்குத் தடுப்பூசியை அன்றே தொடங்கிவிடலாம். கூடவே இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) ஊசி தேவைப்பட்டால், 24 மணிநேரத்துக்குள் போடுவது சிறந்தது. டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள்.

முதல் நாளே ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது முக்கியம். பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என மருத்துவர் சொல்லும் நாட்களில் மறுபடி பார்க்க வேண்டும். ஊரிலுள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், யாருக்கும் தெரியாமல் ஆலோசனையும் தருவார்கள். சம்பந்தப்பட்ட பிள்ளையைப் பள்ளியே பரிசோதனைக்கு அழைத்துப்போகக் கூடாது. பெற்றோர் சம்மதத்தோடு மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

ஒரு பதிவேடு போடுங்கள். தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, எங்கே பட்டது, என்ன முதலுதவி, எந்த மருத்துவமனை. பிள்ளையின் பெயரும் பரிசோதனை முடிவும் அதில் வேண்டாம். பதிவேட்டைத் தலைமையாசிரியர் பூட்டிவைக்க வேண்டும். போக்குவரத்துச் செலவும் அன்றைய கூலியும் பள்ளியின் பொறுப்பு என்று மேலாண்மைக் குழுவில் முன்கூட்டியே தீர்மானம் போட்டுவிடுங்கள். தினக்கூலி போய்விடுமோ என்ற பயத்தில்தான் "சின்னக் கீறல் சார்" என்ற பதில் வருகிறது.

ஒன்பதாம் படி: ஆண்டுக்கொருமுறை

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம் ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். சிவப்பு மைப் பயிற்சி, பிளீச்சிங் கரைசல் கரைப்பது, சுவரில் ஒட்டிய தாளை வாசிப்பது. புதிதாகச் சேர்ந்தவர்களின் தடுப்பூசி விவரத்தைக் கேளுங்கள். டப்பாக்களைத் திறந்து கையுறை மக்கியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள், நம் ஊர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். பிளீச்சிங் பவுடர் புது டப்பா. கூட்டத்தைத் தூய்மைப் பணியாளர் வேலை முடிந்து போகும் முன் வையுங்கள். பல பள்ளிகளில் அவர் காலையிலேயே வந்து முடித்துவிட்டுப் போய்விடுவார்.

அக்காவுக்கு ஜனவரியிலேயே ரத்தம் பரிசோதித்தோம். தொற்று எதுவும் இல்லை. முதல் ஊசி அந்த வாரமே, இரண்டாவது பிப்ரவரியில். மூன்றாவது ஜூலையில் விழ, அலுவலகக் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பில் வட்டமிட்டு வைத்தோம். அன்று காலை நான் ஞாபகப்படுத்தும் முன்பே அவர் வந்து, "சார், இன்னைக்கு என் ஊசி நாள், போயிட்டு வந்து ஏழாம் வகுப்பைக் கூட்டுறேன்" என்றார். எதிர்ப்புச் சக்திப் பரிசோதனைக்கு செப்டம்பரில் தேதி குறித்திருக்கிறோம்.